பகைவரின் பிள்ளைக்காக அழுவது தகுமா?





ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் வரும்போது, நம் ஞாயிற்றுக்கிழமைத் தம்ம வகுப்பில் பிள்ளைகளுக்குச் சில நூல்களைப் படித்துக் காட்டுகிறோம். 1945-ஆம் ஆண்டில் ஹிரோஷிமா, நாகசாகி என்னும் ஜப்பானிய நகரங்களின்மேல் அணுகுண்டு வீசப்பட்டதையும், அதன்பின் அங்குள்ள மக்கள் பட்ட துன்பத்தையும் இளையோர்க்கு எடுத்துரைக்கும் நூல்கள் அவை. பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்கின்றனர். ஆனால் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர் சிலருக்கு இது பிடிப்பதில்லை. "ஜப்பான்காரன் இந்தத் தீவில் செய்ததை மறந்துவிட்டீர்களா? எங்கள் பாட்டன்மாரைக் கொன்றவனுடைய பிள்ளைக்காக எங்கள் பேரன் பேத்திகள் ஏன் அழவேண்டும்?" என்று கேட்கின்றனர்.

இக்கேள்வியை ஒதுக்கிவிட நமக்கு உரிமை இல்லை. அந்தமானில் வாழும் நாம், வேறெந்த ஊராரையும்விட இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆகவே இன்றைய தம்ம உரையை இக்கேள்விக்கே உரியதாக்குவோம்.

முதற்கண், இங்கு நடந்தது யாது என்பதைச் சொல்லவேண்டும். துன்பத்தை மறைத்துவிட்டுக் கருணை பேசுவது தம்மம் அன்று. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேயரில் இறங்கியது. இறங்கிய ஓரிரு நாளிலேயே அபர்தீன் பகுதியில் ஓர் இளைஞர் உயிர் போயிற்று. கோழிகளைத் துரத்திக்கொண்டு வீடுகளுக்குள் புகுந்த சிப்பாய்களைக் கண்டு பொறாது, காற்றுத் துப்பாக்கியால் சுட்டவர் சுல்பிகர் அலி. அதனால் எவரும் மாளவில்லை. ஆயினும் அவரை ஊரார் கண்முன்னே வதைத்துச் சுட்டுக் கொன்றனர். பின்னர், ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தவரும் பஞ்சாபி மொழியில் கவி பாடியவருமான டாக்டர் திவான் சிங், செல்லுலார் சிறையில் பல வாரங்கள் வதைக்கப்பட்டு 1944 ஜனவரி 14 அன்று உயிர் துறந்தார். அதே ஜனவரி 30 அன்று, ஒற்றர் என்னும் பழி சுமத்தப்பட்ட 44 பேர் ஹம்ப்ரிகஞ்சில் சுடப்பட்டு ஒரே குழியில் தள்ளப்பட்டனர்.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. 1945-இல் தீவெங்கும் பஞ்சம். கப்பல் வரவில்லை, அரிசி இல்லை. உண்ணும் வாய்களைக் குறைப்பதே வழி என்று அதிகாரிகள் முடிவு கட்டினர். ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், பயிரிட நிலம் தருவோம் என்று சொல்லி நூற்றுக்கணக்கான மக்களைப் படகில் ஏற்றிச் சென்று, இன்று சுவராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக் தீவுக்கருகே இரவில் கடலில் தள்ளினர். பலர் மூழ்கினர். கரை சேர்ந்தவரும் உணவின்றி மாண்டனர். நடந்ததைச் சொல்ல உயிரோடு மீண்டவர் மிகச் சிலரே.

இதைக் கேட்டபின், மூத்தோர் கேள்வியில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இனி, கடலுக்கு அப்பால் அதே ஆகஸ்டு மாதத்தில் நடந்ததையும் பாருங்கள். ஆகஸ்டு 6 காலை 8 மணி 15 நிமிடம். ஹிரோஷிமாவில் பள்ளிப்பிள்ளைகள் பலர் அன்று வகுப்பறையில் இல்லை. விமானக் குண்டினால் தீப்பிடித்தால் அது ஊர் முழுதும் பரவாதிருக்கும் பொருட்டு, வீடுகளை இடித்து வெற்றுவெளி உண்டாக்கும் வேலைக்கு அரசாங்கம் அவர்களை அழைத்திருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஓடு சுமந்துகொண்டும் மரம் இழுத்துக்கொண்டும் திறந்த வெளியில் நின்றபோது வானில் அந்த ஒளி தோன்றியது. அவ்வேலையில் இருந்த மாணவருள் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர். மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 9 அன்று, நாகசாகி. அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும், நாகசாகியில் ஏறத்தாழ 70,000 பேரும் இறந்தனர் என்பது கணக்கு.

ஹேவ்லாக் கடலில் மூழ்கிய குழந்தையும், ஹிரோஷிமா வெளியில் கருகிய குழந்தையும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் மாண்டன. இரண்டும் தாயைக் கூவித்தான் அழுதன. எந்த நாட்டுக் கொடியின் கீழ்ப் பிறந்தோம் என்பதை இரண்டுமே தேர்ந்துகொண்டதில்லை. ஒன்றைக் கொன்றது ஜப்பானியப் படை. மற்றொன்றைக் கொன்றது ஜப்பானின் பகைவருடைய குண்டு. கொன்ற கைகள் வேறு வேறு. கொல்லச் சொன்ன மனமோ ஒன்றே. 'இவர்கள் மனிதர் அல்லர், கணக்கில் சேர்ந்த தலைகள்' என்று எண்ணும் மனம் அது.

பகைக்கு விடை யாது என்று நம் ஆசான் சொன்ன பழங்கதை ஒன்று விநய பிடகத்தில் உள்ளது. கோசம்பி நகரில் பிக்குகள் தமக்குள் பூசலிட்டபோது பெருமான் இதைச் சொன்னார். கோசல நாட்டு அரசன் தீகீதி, காசி அரசன் பிரமதத்தனிடம் நாட்டை இழந்து, மனைவியோடு மாறுவேடத்தில் வாரணாசியில் ஒரு குயவன் வீட்டில் ஒளிந்து வாழ்ந்தான். அங்கே பிறந்தவன் தீகாவு. முன்பு தன்னிடம் வேலை பார்த்த நாவிதனே காட்டிக்கொடுக்க, தீகீதியும் மனைவியும் பிடிபட்டனர். கைகளைக் கட்டித் தெருத்தெருவாய் அழைத்துச் சென்றபோது, கூட்டத்தில் நின்ற மகனைத் தந்தை கண்டான். மகனைக் காட்டிக்கொடுக்காமல், பித்தனைப்போல் வெறும்வெளியை நோக்கி மூன்று செய்திகளைச் சொன்னான். நீளமாகப் பார்க்க வேண்டா. குறுகப் பார்க்கவும் வேண்டா. பகையால் பகை தணியாது, பகையின்மையாலேயே தணியும் என்பன அவை. பெற்றோர் இருவரும் வெட்டுண்டு கிடந்ததை மகன் கண்டான். ஊமையாய் நின்று கண்டான்.

பின்னாளில் தீகாவு, தான் யாரெனச் சொல்லாமல் பிரமதத்தனிடமே பணியாளாய்ச் சேர்ந்து அவன் நம்பிக்கையைப் பெற்றான். ஒருநாள் காட்டில் வேட்டையாடிக் களைத்த அரசன் அவன் மடியில் தலைவைத்து உறங்கினான். தீகாவு வாளை உருவினான். தந்தை சொல் நினைவுக்கு வந்தது. வாளை உறையில் இட்டான். மூன்று முறை உருவி, மூன்று முறையும் இட்டான். அரசன் திடுக்கிட்டு விழித்தபோது தன்னை யாரென்று சொன்னான். அவ்விருவரும் ஒருவர்க்கொருவர் உயிர்ப்பிச்சை தந்து கொண்டனர். நீளமாகப் பார்க்க வேண்டா என்றால், பகையை நெடுநாள் வைத்திராதே. குறுகப் பார்க்க வேண்டா என்றால், நட்பைச் சட்டென முறிக்காதே என்பது பொருளென்று தீகாவு விளக்கினான். பிரமதத்தன் அவன் நாட்டைத் திருப்பித் தந்தான்.

சகோதரர்களே, இக்கதையில் ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். தீகாவு எதையும் மறக்கவில்லை. தான் யாருடைய மகன், தன் பெற்றோர்க்கு நேர்ந்தது யாது என்பதை அரசன் முகத்துக்கு நேரே சொன்னான். மறப்பவன் மன்னிக்கவில்லை, அவன் வெறுமனே மறந்தான். நினைவோடு வாளை உறையில் இடுபவனே பகையை வென்றவன். ஆகவே ஹிரோஷிமாவைப் பற்றிப் படிப்பதால் ஹம்ப்ரிகஞ்சை மறக்கவேண்டும் என்பது இல்லை. இரண்டையும் ஒருங்கே நினைப்பதே நம் பாதை.

இனி நூல்களுக்கு வருவோம். "சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இத்தகைய கொடுமைகளைச் சொல்லலாமா?" என்று தாய்மார் கேட்கின்றனர். இதற்கும் பெருமான் வழி காட்டியிருக்கிறார். அபயன் என்னும் அரசகுமாரன் ஒருமுறை அவரிடம் வாதுக்கு வந்தான். பிறர்க்கு மனம் நோகும் சொல்லைப் புத்தர் சொல்வாரா என்பது அவன் கேள்வி. அப்போது அவன் மடியில் ஒரு பச்சிளங்குழந்தை படுத்திருந்தது. இக்குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் நீ என்ன செய்வாய் என்று பெருமான் கேட்டார். இரத்தம் கசிந்தாலும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், ஏனெனில் குழந்தையிடம் எனக்கு இரக்கம் உண்டு என்றான் அபயன். அதைக் கொண்டே பெருமான் விளக்கினார். சொல் உண்மையாயிருக்கவேண்டும், நன்மை பயக்கவேண்டும், காலம் அறிந்து சொல்லப்படவேண்டும். இம்மூன்றும் உளவாயின், கேட்க இனியதாயினும் இன்னாததாயினும் ததாகதர் சொல்வார். இந்த மூன்று உரைகற்களில் உரைத்தே பிள்ளைகளின் நூல்களை நாம் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

முதல் உரைகல் உண்மை. சடாகோ சசாகி என்னும் சிறுமியின் கதையை உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். குண்டு விழுந்தபோது அவள் இரண்டு வயதுக் குழந்தை. உடம்பில் காயம் இல்லை. ஓட்டத்தில் கெட்டிக்காரியாய் வளர்ந்தாள். 1955-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இரத்தப் புற்றுநோய் என்று கண்டறிந்தனர். குண்டின் கதிர்வீச்சு பத்தாண்டு கழித்துத் தன் வேலையைக் காட்டியது. ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் வேண்டியது கிட்டும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. மருத்துவமனைப் படுக்கையில், மருந்து சுற்றிவந்த தாள்களைக்கூட விடாமல் மடித்தாள். அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று, பன்னிரண்டாம் வயதில் இறந்தாள்.

இவளைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் எலினார் கோயர் 1977-இல் எழுதிய சிறுவர் நூல் உலகெங்கும் பரவியது. அந்நூலில் சடாகோ 644 கொக்குகள் மடித்தபின் இறந்துவிடுகிறாள். எஞ்சியவற்றைத் தோழர்கள் மடித்து முடிக்கின்றனர். ஆனால் அவளுடைய தமையனார் சொல்வதும், ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம் சொல்வதும் வேறு. சடாகோ ஆயிரத்தையும் மடித்து முடித்தாள்; முடித்தபின்னும் மடித்துக்கொண்டேயிருந்தாள்.

இச்சிறு வேறுபாட்டுக்கு இத்தனை விளக்கம் எதற்கு என்று கேட்கலாம். நமக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. 644-இல் நின்றுவிட்டாள் என்றால், ஆயிரத்தை எட்டியிருந்தால் பிழைத்திருப்பாளோ என்ற ஐயம் பிள்ளையின் மனத்தில் தங்கும். அது நாம் விட்டுவந்த நேர்த்திக்கடன் நம்பிக்கையின் மறுவடிவம். மண்சோறு உண்டால் நோய் தீரும், தீ மிதித்தால் குறை போகும் என்று நம் பாட்டிமார் நம்பி ஏமாந்த வழி அது. உண்மையோ வேறு. அவள் ஆயிரமும் மடித்தாள், நோய் தீரவில்லை. காரணத்தால் வந்தது காரணம் நீங்கினால் அன்றி நீங்காது என்பதே பௌத்தம். அப்படியாயின் அவள் மடித்தவை வீணா? இல்லை. அவளுடைய பள்ளித் தோழர்கள், குண்டினால் இறந்த பிள்ளைகள் அனைவர்க்கும் ஒரு நினைவுச்சின்னம் வேண்டுமென்று எழுந்தனர். ஜப்பான் முழுவதும் மாணவர் காசு சேர்த்தனர். 1958 மே 5 அன்று ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் அச்சின்னம் திறக்கப்பட்டது. கொக்கு உயிரைக் காக்கவில்லை. உயிரோடிருந்தவர்களின் மனத்தைத் திருப்பியது. நூலைப் படித்துக் காட்டுங்கள். அதனோடு இந்த உண்மையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் உரைகல் நன்மை. பிள்ளையின் நெஞ்சில் பகையை விதைக்கும் நூல் உண்மையே சொன்னாலும் நன்மை ஆகாது. தன் இனத்தின் துன்பத்தை மட்டும் சொல்லித் தன் இனம் செய்த தீமையை மறைக்கும் நூலும் அத்தகையதே. இங்கே நாம் மனமாரப் போற்றும் நூல், கெய்ஜி நகஸாவா என்னும் ஓவியர் 1973 முதல் சித்திரக்கதையாக வரைந்த 'வெறுங்கால் கென்'. குண்டு விழுந்தபோது நகஸாவாவுக்கு ஆறு வயது. தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் அன்று இழந்தார். அந்தப் பிள்ளைப்பருவத்தையே கென் என்னும் சிறுவனின் கதையாக்கினார்.

இக்கதையில் கென்னின் தந்தை போரை எதிர்த்துப் பேசுபவர். அதனால் அவரைச் சிறையில் அடித்தனர். குடும்பத்தையே துரோகிகள் என்று அக்கம்பக்கத்தார் ஒதுக்கினர். கிணற்றடியில், கடைவீதியில், பள்ளியில் ஒதுக்கப்படுவது எப்படியிருக்கும் என்று நம்மவர்க்கு யாரும் விளக்கவேண்டியதில்லை! அத்தகைய நாளில் அவர்களுக்கு உதவியவர் கொரியாவைச் சேர்ந்த பக் என்பவர். குண்டு விழுந்தபின் அதே பக், காயம்பட்ட தம் தந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவம் தேடி அலைகிறார். கொரியர் என்ற காரணத்தால் மருந்து மறுக்கப்படுகிறது. ஊரே எரிந்து சாம்பலான நாளிலும் தாழ்வு பாராட்டும் வழக்கம் எரியவில்லை. இதை ஒரு ஜப்பானியரே ஜப்பானியப் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டினார்.

இது வெறும் கதையன்று. ஹிரோஷிமாவில் மாண்டவருள் கொரியர் பல்லாயிரவர். அவர்களுக்காக 1970-இல் எழுப்பப்பட்ட நினைவுக்கல் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. 1999-இல்தான் உள்ளே இடம் பெற்றது. செத்தபின்னும் தனிச் சுடுகாடு என்னும் வழக்கத்தை அறிந்த நாம் இதைக் கேட்டு வியப்படையப் போவதில்லை. அணுகுண்டில் பிழைத்த ஜப்பானியர்க்கும் இத்தகைய கதி நேர்ந்தது. நோய் ஒட்டிக்கொள்ளும், பிறக்கும் பிள்ளை ஊனமாகும் என்று அஞ்சி அவர்களுக்குப் பெண் கொடுக்கவும் வேலை கொடுக்கவும் பலர் மறுத்தனர். பலர் தாம் அந்நகரத்தவர் என்பதையே மறைத்து வாழ்ந்தனர். தீண்டாமை என்பது நம் நாட்டில் மட்டும் முளைக்கும் களை அன்று. அச்சமும் அறியாமையும் உள்ள மண்ணிலெல்லாம் அது முளைக்கும். இதைப் படிக்கும் நம் பிள்ளை, தன் பாட்டனின் அவமானத்தை ஒரு ஜப்பானியச் சிறுமியின் கண்ணில் காண்கிறது. அப்போது அங்கே பகைவர் பிள்ளை என்று யார் இருக்கிறார்?

'வெறுங்கால் கென்' எல்லார்க்கும் உவப்பாயில்லை என்பதையும் அறிவீராக. 2012-இல் ஜப்பானின் மட்ஸுஎ நகரக் கல்வித்துறை, பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் தடையின்றி எடுத்துப் படிக்கும் இடத்திலிருந்து அந்நூலை நீக்கச் சொன்னது. ஆசிய நாடுகளில் ஜப்பானியப் படை செய்த கொடுமைகளைக் காட்டும் படங்கள் பிள்ளைகளுக்குத் தகாதவை என்பது சொல்லப்பட்ட காரணம். எதிர்ப்பு எழவே, 2013-இல் அத்தடை விலக்கப்பட்டது. பின்வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்ட மூத்தோர்களே, இதைக் கேளுங்கள். ஆசிய மக்களாகிய நமக்கு இழைக்கப்பட்டதை மறைக்காமல் தன் நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னதற்காக ஒரு நூல் அடைத்துவைக்கப்பட்டது. அந்நூலை நாமும் அடைத்துவைப்பதா?

அவ்வழியில் நின்ற மற்றொருவர் தொஷி மருகி. இவர் 1980-இல் வரைந்து எழுதிய 'ஹிரோஷிமாவின் மின்னொளி' ஏழு வயதுச் சிறுமி மீயின் கதை. காலை உணவு உண்டுகொண்டிருந்தபோது பற்றியிருந்த குச்சிகளை, நெருப்பினூடே ஓடித் தப்பிய பின்னும் நாட்கணக்கில் அவள் கை விடவில்லை. தாய் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுக்கிறாள். அந்த ஒரு படம் போதும், குண்டு என்றால் என்னவென்று குழந்தைக்குச் சொல்ல. இதே தொஷி மருகி, கணவர் இரி மருகியோடு சேர்ந்து, கொரியரின் பிணங்கள் எடுப்பாரின்றிக் கிடந்ததையும், சீனத்தின் நான்கிங் நகரில் ஜப்பானியப் படை செய்த படுகொலையையும் பெரும் ஓவியங்களாகத் தீட்டினார். தன் புண்ணைக் காட்டுபவர் பலர். தன் கை உண்டாக்கிய புண்ணையும் காட்டுபவரே நல்லாசிரியர்.

அவர்களைப் புகழ்ந்துவிட்டு நாம் நம்மைப் பாராதிருத்தல் நேர்மையாகாது. பௌத்தர் என்னும் பெயர் பூண்டோர் பலர் ஜப்பானில் அப்போரை ஆசீர்வதித்தனர். சோட்டோ ஜென் மரபினர் அதற்காக 1992-இல் உலகறிய வருந்தினர். 1951-இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், பகையால் பகை தணியாது என்னும் பெருமான் போதனையை எடுத்துரைத்து, ஜப்பானிடம் இலங்கை இழப்பீடு கேளாது என்றவர் ஜே. ஆர். ஜெயவர்த்தனா. 1983 ஜூலையில் தமிழர் வேட்டையாடப்பட்டபோது அந்நாட்டின் ஜனாதிபதியும் அவரே. அறத்தை அவையில் சொல்வது எளிது. தன் வீட்டில் காப்பது அரிது.

நம் நாட்டின் கதையோ? 1974 மே 18.  அன்றுதான் பொக்ரானில் முதல் அணுவெடிப்பு நடந்தது. அதற்கு வழங்கிய பெயர் 'சிரிக்கும் புத்தர்'. 1998 மே 11 அன்று மீண்டும் வெடித்தது, பெருமான் பிறந்ததும், போதி பெற்றதும், பரிநிர்வாணம் அடைந்ததும் என நாம் விளக்கேற்றும் வைசாகப் பௌர்ணமி நாளில். எந்தப் புத்தர் சிரித்தார்? கொல்லாமையை முதற் சீலமாக வைத்தவரா? நாட்டின் காவல் பற்றி அறிஞர் பலவாறு வாதிடட்டும். அவ்வாதம் வேறு. ஆனால் அந்த வெடிப்புக்கு அப்பெயர் பொருந்தாது என்று சொல்லும் கடமை, அவர் பெயரால் வாழும் நமக்கு உண்டு. நம் பிள்ளைகள் அதைத் தெளிவாக அறிந்து வளரவேண்டும். இன்றும் உலகில் 12,000-க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் உள்ளன.

மூன்றாம் உரைகல் காலம். எல்லா நூலும் எல்லா வயதுக்கும் ஆகாது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்குக் காகிதக் கொக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்து, சடாகோவின் பெயரைச் சொன்னால் போதும். எட்டு, ஒன்பது வயதில் மீயின் படக்கதையைத் தாயோ தந்தையோ அருகிலிருந்து காட்டலாம். 'வெறுங்கால் கென்' பன்னிரண்டு வயதுக்கு மேல். எந்த நூலையும் இரவில் தூங்கும் நேரத்தில் படிக்க வேண்டா. தனியே படிக்கவும் விட வேண்டா. படித்து முடித்தபின் பிள்ளை பேசும்வரை பொறுத்திருங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் துன்பப்பட்டார்? அத்துன்பம் எதனால் வந்தது? நாம் செய்யக்கூடியது யாது? இவை துக்கம், துக்கத்தின் காரணம், துக்கம் நீங்கும் வழி என்னும் நம் வாய்மைகளை ஒட்டிய கேள்விகளே அன்றோ!

மூன்றாம் கேள்விக்கு நம் தீவிலேயே விடை இருக்கிறது. 1951-இல் அராட்டா ஒசாடா என்னும் கல்வியாளர், குண்டில் பிழைத்த ஹிரோஷிமாப் பிள்ளைகள் தம் கைப்பட எழுதிய 105 கட்டுரைகளைத் தொகுத்து 'அணுகுண்டின் பிள்ளைகள்' என்னும் நூலாக வெளியிட்டார். அவரும் அக்குண்டினால் காயமுற்றவர். பெரியோர் பேசத் தயங்கியதை அப்பிள்ளைகள் எழுதினர். பிழைத்தோர் பலர் முதுமையிலும் ஊர் ஊராய்ச் சென்று சாட்சி சொன்னதன் பயனாக, அவர்களது கூட்டமைப்பாகிய நிஹோன் ஹிடாங்க்யோவுக்கு 2024-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. சாட்சி சொல்வதும் ஓர் அறம்.

நம் தீவின் சாட்சிகள் எங்கே? கார்பின்ஸ் கோவ் சாலையோரத்தில் ஜப்பானியர் கட்டிய பதுங்குகுழிகளுக்குள் நம் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகின்றனர். அவை யாருடைய உழைப்பால் எழுந்தன என்று கேட்டதில்லை. நாம் மரம் அறுத்துப் பிழைத்த சாத்தம் ஆலை வளாகத்திலும் அப்போரில் விழுந்த குண்டின் பள்ளம் உண்டு. அதன் ஓரமாய்ப் பல்லாண்டு நடந்தும் அதைப் பற்றிப் பேசினோர் சிலரே. 1942-இல் ஏழு வயதுப் பிள்ளையாய் இருந்தவர் இன்று தொண்ணூறை எட்டியவர். இன்னும் சில ஆண்டில் கேட்பதற்கு ஒருவரும் இரார். ஆகவே தம்ம வகுப்பின் பிள்ளைகள் ஆளுக்கொரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, தம் தெருவில் உள்ள முதியோரிடம் செல்லட்டும். தமிழரிடம் மட்டுமன்று, வங்காளியிடமும், மாப்பிளையிடமும், பர்மியரிடமும், உள்ளூரில் பிறந்து வளர்ந்த குடும்பத்தாரிடமும் கேட்கட்டும். முதியவர் இல்லாத வீட்டில், அவர் சொல்லக் கேட்ட மகனோ மகளோ சொல்லட்டும். சொன்னதைச் சொன்னவாறே எழுதட்டும். கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா. பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் ஒரு பைசா விலைக்கு ஒரு வார இதழை நடத்தி, ஏழையின் கையில் எழுத்தைக் கொடுத்தார். அவர் வழி வந்தவர்க்கு அச்சுக்கூலி ஒரு தடையாகக் கூடாது. எழுதி வாருங்கள், சங்கம் அச்சிடும்.

ஹம்ப்ரிகஞ்ச் நினைவிடத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். 44 பேர்க்கும் விளக்கேற்றுவோம். அங்கேயே அமர்ந்து, ஹிரோஷிமாப் பிள்ளைகளுக்காகவும் கொக்கு மடிப்போம். இரண்டையும் ஒரே இடத்தில் செய்வதே நம் விடை.

தண்டனைத் தீவு என்று பெயர் பெற்ற ஊர் நம் ஊர். மணிமேகலை, அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள் என்பது நம் பழங்காவியம் சொல்லும் செய்தி. ஆங்கிலேயர் கட்டி, ஜப்பானியரும் வதைக்கூடமாக்கிய செல்லுலார் சிறையின் வளாகத்திலேயே, 1963-இல் மருத்துவமனை எழுந்தது. கல்லால் ஆன சிறை மாறக்கூடுமாயின், பகையால் ஆன மனம் மாறாதோ?

முடிவாக ஒன்று. மைத்திரி தியானத்தைக் கற்பிக்கும் விசுத்திமக்கத்தில் ஆசாரியர் புத்தகோசர் ஓர் உவமை தருகிறார். ஒருவன் தன் அன்பனோடும், வேண்டியவனும் அல்லாது வேண்டாதவனும் அல்லாது நிற்கும் ஒருவனோடும், பகைவனோடும் அமர்ந்திருக்கிறான். கள்வர் வந்து, பலியிட நால்வரில் ஒருவனைக் கொடு என்கின்றனர். பகைவனைக் கொடுத்தாலும் அவன் மைத்திரி நிறைவுறவில்லை. தன்னைக் கொடுத்தாலும் நிறைவுறவில்லை. நால்வரில் ஒருவரையும் கொடுக்க மனம் ஒப்பாதபோதே வேலி உடைந்தது என்கிறார். யாருடைய பிள்ளைக்காக அழுவது என்று கேட்பது, கள்வரின் கேள்விக்கு விடை தேடுவதாகும். நாம் எவரையும் எடுத்துக் கொடுப்பதில்லை. ஹேவ்லாக்கின் பிள்ளையும் நம் பிள்ளை. ஹிரோஷிமாவின் பிள்ளையும் நம் பிள்ளை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம் மக்களோடு ஏற்ற 22 உறுதிமொழிகளுள், எல்லா உயிர்களிடத்தும் கருணை கொள்வது என்பதும் ஒன்று. எல்லா உயிர் என்றால் எல்லா உயிரே. அதில் கடலுக்கு அப்பால், இப்பால் என்ற பிரிவில்லை.

அடுத்த ஞாயிறு, நூலோடும் குறிப்பேட்டோடும் வாருங்கள். கேள்வி கேட்ட மூத்தோர் முன்வரிசைக்கு வாருங்கள். உங்கள் பாட்டன்மாரின் கதையே நம் முதல் பாடமாகட்டும்.

சாது! சாது! சாது!